சேற்றுச் சக்கரமும் தார் ரஸ்தாவும்

காவிரிப் பாசனப் பிரதேசத்தில் சேற்றுழவு தொடங்கிவிட்டது என்பதை அறிய வயலுக்குச் செல்ல வேண்டியதில்லை; ஊருக்குள் போகும் தார் ரஸ்தாவைப் பார்த்தாலே போதும். உளி கொண்டு கொத்தினாற்போல் குறுக்குக் கோடுகள் இரு வரிசையாகப் பதிந்திருக்கும். டிராக்டரின் பின்சக்கரத்தோடு பூட்டிய இரும்புக் கூண்டுச் சக்கரம் விட்டுச் சென்ற தழும்புகள் அவை. கேஜ் வீல் என்று யாவரும் வழங்கும் இச்சக்கரம் சேற்றுக்கு மிகவும் உகந்த சாதனம் என்பதில் ஐயமில்லை. ரப்பர் டயர் மட்டும் உள்ள யந்திரம் ஆழ்ந்த சேற்றில் புதைந்து நின்ற இடத்திலேயே சுழலும். இரும்புப் பட்டைகளோ பளுவைப் பரப்பித் தாங்குவதோடு, சேற்றைக் கலக்கிக் களையையும் அமிழ்த்திவிடுகின்றன. குற்றம் சக்கரத்தினுடையதன்று, அதனைக் கழற்றாமலே ரஸ்தாவில் ஏற்றுவதுதான் குற்றம்.

நாற்பது, ஐம்பது குதிரைத் திறனுள்ள டிராக்டர் ஏறத்தாழ 2 டன் எடையுள்ளது. அதில் பெரும்பகுதி பின்சக்கரங்களின் மேல் நிற்கிறது. ரப்பர் டயர் அப்பளுவைச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ என்ற அளவில் பரப்பித் தரையில் இறக்கும். கோண இரும்பின் விளிம்போ விரலகலத்தில் குவித்து இறக்குகிறது. கிராம ரஸ்தாக்கள் பலவற்றில் மேலே இட்டிருக்கும் தார்க் கலவையின் கனம் 20 மில்லிமீட்டரே. அதன் கீழ் உள்ளது வெறும் ஜல்லி. அம்மெல்லிய போர்வை ஒருமுறை கிழிந்துவிட்டால் பின்னர் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சம்பா நடவு முடியும் தறுவாயில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. கீறலில் நீர் தங்கி அடிமண்ணை இளக்க, அதன்மேல் பஸ்ஸும் லாரியும் ஓட, ஐப்பசியில் கோடாயிருந்தது தை மாதத்தில் குழியாகிவிடும். அறுவடையான நெல் மூட்டைகளைக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிச் செல்லும் வண்டி அக்குழியில்தான் அச்சை முறித்துக்கொள்கிறது. அந்நெல்லும் அதே மிராசுதாரருடையதாகவே பெரும்பாலும் இருக்கும்.

இவ்வழக்குப் புதியதன்று. இரும்புப் பட்டை அடித்த மாட்டு வண்டிகள் ரஸ்தாக்களை அரைத்துத் தூளாக்குகின்றன என்ற முறையீடு 1930-களிலேயே பலமாக இருந்தது. 1927-இல் நியமிக்கப்பட்ட ஜெயகர் கமிட்டியின் யோசனையைத் தொடர்ந்து 1934-இல் இந்திய ரஸ்தா காங்கிரஸ் ஏற்பட்டபோது, பொறியாளர்கள் முன்னிருந்த பிரச்னைகளுள் இதுவும் ஒன்று. டயர் வண்டி பரவிய பின்னரே அது தணிந்தது. டிராக்டரின் கதையும் ஏறக்குறைய அப்படியே. ஆதியில் வந்த டிராக்டர்களின் பின்சக்கரங்கள் பற்கள் பொருந்திய இரும்புச் சக்கரங்கள். இங்கிலாந்தின் குடியானவர்கள் பொது ரஸ்தாவில் அவற்றை ஓட்டுவதற்கு, பற்களின் மேல் வட்டமான இரும்புப் பட்டை ஒன்றை மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. 1932-இல் அமெரிக்காவின் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனி காற்றடைத்த ரப்பர் டயருடன் டிராக்டரை விற்கத் தொடங்கியது. அதன் பின்னரே வயலுக்கும் ரஸ்தாவுக்கும் ஒரே சக்கரம் என்பது சாத்தியமாயிற்று. கேஜ் வீலுடன் ரஸ்தாவில் செல்பவர் அந்த வசதியைக் கையில் வைத்துக்கொண்டே அதனை வீணாக்குகிறார்.

மாவட்ட ஆட்சியர்கள் எச்சரிக்கிறார்கள், அபராதமும் விதிக்கப்படுகிறது. ஆயினும் வழக்கம் நிற்கவில்லை. காரணம் டிரைவரின் பிடிவாதம் என்று கூறிவிடுவது எளிது. உண்மையான காரணம் வாடகை முறையில் இருக்கிறது. சேற்றுழவுக்கு வாடகை மணிக்கணக்கில் பேசப்படுகிறது. கூண்டைக் கழற்றி மாட்ட இரண்டு ஆட்களும் அரைமணிக்குக் குறையாத நேரமும் வேண்டும். அந்நேரத்துக்குக் கூலி கொடுப்பார் எவருமில்லை. ஒரே நாளில் ஊரின் மூன்று மூலைகளில் மூன்று வயல்களுக்கு ஓடவேண்டிய டிரைவர் அரைமணியை ஆறுமுறை இழக்கச் சம்மதிப்பாரா? ஆகவே கழற்றும் நேரத்தையும் வாடகையில் சேர்த்துப் பேசுவதே நியாயம். அதைக் காட்டிலும் நல்ல மார்க்கம், ஒரே மதகில் தண்ணீர் பாயும் நிலங்களின் சொந்தக்காரர்கள் கலந்து பேசி, அடுத்தடுத்த வயல்களை ஒரே தொடராக உழச் செய்வது. மாட்டிய சக்கரம் அம்மதகுப் பரப்பு முடியும்வரை ரஸ்தாவை மிதிக்காது. எண்ணெய்ச் செலவும் குறையும். நாற்றின் வயது ஒத்துவராது என்று சிலர் ஆட்சேபிப்பர். நாற்று விடும் நாளையே சேர்ந்து நிர்ணயித்தால் அந்த ஆட்சேபத்துக்கு இடமில்லை.

மற்றொரு காரணத்தைச் சொல்வது பலருக்குக் கசக்கும். முன்னர் வயல்களுக்கிடையே வண்டிப்பாதைகள் இருந்தன. மாடும் வண்டியும் அவற்றின் வழியே சென்றன. இன்று அவற்றுள் பல, வரப்பளவாகச் சுருங்கியிருக்கின்றன. இருபுறத்து நிலக்காரர்களும் ஆண்டுக்கு ஒரு மண்வெட்டி அகலம் வெட்டிச் சேர்த்துக்கொண்டதன் பலன் இது. பாதை போய்விட்ட பின் டிராக்டர் ரஸ்தாவில் ஏறாமல் ஆகாயத்தில் பறந்தா செல்லும்? புல வரைபடத்தில் பாதையின் அகலம் காணப்படுகிறது. கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் கோடைக்காலத்தில், வயல் வெறுமையாக இருக்கும்போதே, அளந்து கல் நாட்டுவார்களானால், டிரைவர்மீது விதிக்கும் அபராதத்தைவிட அது பன்மடங்கு பயன் தரும். ரஸ்தாவைக் குறுக்கே கடந்தே தீரவேண்டிய இடங்களில் பழைய டயர்த் துண்டுகளையோ பலகைகளையோ விரித்துக் கடக்கலாம். கூண்டின் மேல் ரப்பர்ப் பட்டை சுற்றிக்கொள்வது கடப்பதற்கு மட்டுமே உதவும். மைல் கணக்கில் ஓட்டுவதற்கு அதனை நம்புவது தவறு.

கூண்டைக் கழற்றிவிட்டதோடு யந்திரம் ரஸ்தாவுக்குத் தயாராகிவிட்டதென்று எண்ணுவதும் பிழையே. டிராக்டரில் இடது பின்சக்கரத்துக்கு ஒன்றும் வலது பின்சக்கரத்துக்கு ஒன்றுமாக இரண்டு பிரேக் மிதிகள் இருப்பது வயலின் கோடியில் சட்டென்று திருப்புவதற்காக. ரஸ்தாவில் வேகமாகச் செல்லும்போது ஒன்றை மட்டும் மிதித்தால் யந்திரம் சுழன்று கவிழும். அவ்விரண்டையும் இணைக்கும் கொக்கியை மாட்டிய பின்னரே மேட்டில் ஏறவேண்டும். இக்கொக்கி பல டிராக்டர்களில் துருப்பிடித்து அசையாமல் கிடப்பதை எவரும் காணலாம். இரண்டு பின்சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் டிஃபரன்ஷியல் லாக்கும் விடுபட்டிருத்தல் வேண்டும். சேற்றுக்காகக் குறைத்த டயர்க் காற்றை, டிரெயிலர் இழுக்குமுன் கையேட்டில் கண்ட அளவுக்கு ஏற்றிக்கொள்வது அவசியம்.

இருட்டிய பின் வீடு திரும்பும் டிராக்டருக்கு முன்விளக்கு மட்டும் எரிவதும், பின்னால் வரும் டிரெயிலர் இருளில் கருஞ்சுவராய் மறைந்திருப்பதும் சகஜமான காட்சி. சிவப்பு ஒளிப்பட்டைக்கு ஆகும் செலவு அற்பம்; ஆனால் சேறு அப்பிய பட்டை ஒளி காட்டாது. வயலை விட்டு ஏறுமுன் மண்வெட்டியால் டயரையும், வாளி நீரால் அப்பட்டையையும் துடைத்துவிட ஐந்து நிமிஷம் போதும். டயரிலிருந்து உதிரும் சேற்றுக் கட்டி தூறலில் நனைந்தால், அடுத்து வரும் இருசக்கர வண்டிக்காரர் அதில் வழுக்கி விழுவார். பள்ளிக்கூடம் விட்டு வீடு திரும்பும் பிள்ளைகளும் அந்த ரஸ்தாவில்தான் வருகிறார்கள்.