பூமிக்குச் சூடு பழசு, நமக்கு?

"பூமி இதைவிடச் சூடா இருந்த காலமெல்லாம் உண்டு, அப்பவும் எல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு?" ஊர் வெயிலைப் பற்றிப் பேச்செடுத்தாலே நம்மாட்கள் சொல்லும் வாதம் இது. கடல் தாண்டி வந்த பிறகு இன்னும் அதிகமாகக் கேட்கிறேன். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியோடுதான் எனக்குச் சண்டை :-)

சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் காற்றில் கரியமில வாயு ஏறக்குறைய இன்றைய அளவுக்கு இருந்தது. தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட 2, 3 டிகிரி சூடு அதிகம். கடல்மட்டமும் பல மீட்டர் உயரம். ஆனால் எங்கே மழை, எங்கே வறட்சி என்பதைச் சூடு மட்டும் முடிவு செய்யவில்லை. காற்றோட்டமும் சேர்ந்துதான் செய்தது. நிலநடுக்கோட்டருகே மேலெழும் காற்று மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்துபோய் 30 டிகிரி அட்சரேகைப் பக்கம் இறங்குகிறது. பெரிய பாலைவனங்கள் பல அங்கேதான். இந்தச் சுழற்சி கொஞ்சம் நகர்ந்தாலும் மழையின் விலாசம் மாறும்.

நம் தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்கு வருமுன், மே மாதத்திலேயே கால் வைக்கும் இடம் அந்தமான். அதன் பழைய கணக்கு நோட்டும் அந்தக் கடலடியில்தான் இருக்கிறது. மழை வலுத்தால் பர்மாவின் ஐராவதி, சால்வின் ஆறுகள் பெருகி அந்தமான் கடலின் உப்பைக் குறைக்கும். அங்கே வாழும் மணல் பருக்கை அளவு உயிரிகளின் ஓட்டில் அது பதிந்துவிடும். செத்த ஓடுகள் சேற்றில் அடுக்கடுக்காகப் படியும்.

2014 நவம்பர் முதல் 2015 ஜனவரி வரை 'ஜாய்டெஸ் ரெசல்யூஷன்' என்ற கப்பல் அந்தமான் கடலிலும் வங்கக் கடலிலும் துளையிட்டு அந்தச் சேற்றை எடுத்தது. அதில் ஒடிசாவுக்கு அப்பால் எடுத்ததை வைத்து 2021இல் ஓர் ஆய்வு வந்தது. கடந்த 9 லட்சம் ஆண்டுகளில் கரியமில வாயு கூடி, பனிப்பாறைகள் சுருங்கி, தெற்கு இந்தியப் பெருங்கடலிலிருந்து காற்று அதிக ஈரம் சுமந்து வந்த காலங்களில் பருவமழை வலுத்தது என்கிறது அது.

மழை கூடினால் நல்லதுதானே என்கிறீர்களா? அன்று அணையும் வயலும் அடுக்குமாடியும் கிடையாது. மழை இடம் மாறினால் காடும் மெல்ல இடம் மாறிக்கொண்டது. நாமும் விமானம் ஏறி மாறிவிட்டோம். காவிரி டெல்டா வயல் எங்கே போகும்?

ஊரில் நிலம் வாங்குகிறோம், அம்மா அப்பாவுக்கு வீடு கட்டுகிறோம். எத்தனை டிகிரி சூடு என்பதோடு, மழை எப்போது, எவ்வளவு கொட்டும், தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்றும் கேட்டுவிட்டு அஸ்திவாரம் போடுங்கள்.