வாயில்லாத பாஷை

மனிதர்கள் சண்டையிட்டுக்கொள்வதற்குப் பாஷைதான் காரணம், பாஷையைத் திருத்திவிட்டால் மனிதனும் திருந்திவிடுவான் என்று நம்புகிற புத்திசாலிகள் எல்லாக் காலத்திலும் உண்டு. அவர்களுள் சார்லஸ் பிளிஸ் மரியாதைக்கு உரியவர். 1897-ல் செர்னோவிட்சில் பிறந்த யூதர். வியன்னாவில் ரசாயன எஞ்சினியராக இருந்தவர். 1938-ல் நாஜிகள் அவரை முகாமில் அடைத்தார்கள். தப்பிப் பிழைத்து இங்கிலாந்து வழியாக ஷாங்காய் போனார். சீன எழுத்துக்கள் சிலவற்றைக் கற்றதும், அவற்றைச் சீன ஒலியே இல்லாமல் தம் சொந்தப் பாஷையில் படிக்க முடிகிறதே என்று வியந்தார். அந்த வியப்பில் பிறந்த சித்திர லிபியை 1949-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளியிட்டார். சீன எழுத்துக்களில் பெரும்பாலானவை உச்சரிப்புக்கான குறிப்பையும் உள்ளே வைத்திருக்கின்றன என்பது இந்தக் கனவுக்கு இடைஞ்சலான விஷயம்.

இதயம் வரைந்தால் உணர்ச்சி. பக்கத்தில் மேல்நோக்கி அம்பு போட்டால் சந்தோஷம், கீழ்நோக்கிப் போட்டால் துக்கம். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பிளிஸ் அதோடு நிற்கவில்லை. வெறும் அபிப்பிராயமான சொல்லுக்கு மேலே, முனையில் நிற்கும் கூம்பைப்போல ஓர் அடையாளம் போடவேண்டும் என்றார். எந்தப் பக்கமும் சாயக்கூடியது என்று அதற்குப் பொருள். இனிப் பிரசங்கிகள் தங்கள் அபிப்பிராயத்தை உண்மை என்று விற்க முடியாதாம்! அடையாளத்தைப் போடப்போவது யார்? எழுதுகிற பொய்யன்தானே? வேலிக்கு ஓணான் சாட்சி.

அவருடைய இயற்பெயர் பிளிட்ஸ். யுத்த நாட்களில் அந்த ஒலி காதில் நாராசமாக விழுந்ததால்தான் பிளிஸ் என்று மாற்றிக்கொண்டார். ஒலிக்குள்ள வலிமையை அவரைவிட யார் அறிவார்?

1971-ல் டொராண்டோவில், மூளைவாதத்தால் பேச முடியாத குழந்தைகளுக்கு ஒரு வழி தேடிய ஆசிரியை ஷெர்லி மக்நாட்டன் கையில் இந்த லிபி கிடைத்தது. விரலாலோ பார்வையாலோ சித்திரங்களைக் காட்டிக் குழந்தைகள் பேசத் தொடங்கினார்கள். பார்த்துப் பூரித்துப்போனார் பிளிஸ். ஆனால் அவர்கள் அதை ஆங்கிலம் படிப்பதற்கு ஏணியாக வைத்துக்கொண்டதும், ஆசிரியைகள் புதுச் சித்திரங்கள் சேர்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. கடிதங்கள் பறந்தன; விவகாரம் வக்கீல்களிடம் போயிற்று; 1982-ல்தான் சமரசம் ஏற்பட்டது.

உலகச் சண்டையைத் தீர்க்க வந்த லிபிக்கு இந்தச் சண்டையைத் தீர்க்கத் தெரியவில்லை. பேச்சைத் தள்ளிவைக்கப் பிறந்ததை அந்தக் குழந்தைகள் பேச்சாகவே ஆக்கிக்கொண்டார்கள். குழந்தை ஒரு சித்திரத்தைக் காட்டும். பக்கத்தில் இருப்பவர் அதை வாய்விட்டுப் படிப்பார். சரிதான் என்றால் குழந்தை சிரிக்கும்.