பறவைப் பட்டியலைக் காதால் படிக்க முடியுமா?

ஆழ்வார்திருநகரிக்கு அருகிலுள்ள கடம்பாகுளம் போன்ற தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளை எண்ணும் பணி 2011 முதல் நடந்து வருவதை அறிவீர்களா? மணிமுத்தாறிலுள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் உள்ளூர் இயற்கை அமைப்புகளுடன் சேர்ந்து இதை நடத்துகிறது. குளக்கரையில் நின்று எண்ணுகிறவர்கள் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள்.

இத்தகைய குழு எதுவானாலும், தான் கண்டதை ஊராருக்குச் சொல்ல இணையதளம் ஒன்றை அமைக்க விரும்பும். அதைப் பார்வையற்ற மாணவர் படிக்க முடியுமா? இந்தக் கேள்வியைத் தளம் முடிந்த பிறகு அல்ல, தொடங்கும்போதே கேட்க வேண்டும் என்பது என் கருத்து. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கியது 1890இல். நம் சீமைக்கு இது புதிய கேள்வியன்று.

பார்வையற்றோர் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளைக் கொண்டு கணிப்பொறியைக் கையாளுகின்றனர். திரையிலுள்ள எழுத்தை அது குரலாக மாற்றும். என்விடிஏ என்ற திரைவாசிப்பானைப் பார்வையற்ற ஆஸ்திரேலியர் இருவர் 2006இல் உருவாக்கத் தொடங்கினர். அது இலவசம், தமிழையும் படிக்கும். ஆனால் அதற்கு எழுத்து வேண்டும். நம்மவர்களோ பறவைப் பட்டியலை அழகிய சுவரொட்டியாக்கி அந்தப் படத்தையே ஏற்றிவிடுகிறார்கள். கண்ணுக்கு அது எழுத்து. கணிப்பொறிக்கு வெறும் வண்ணப் புள்ளிகள். பழைய தமிழ் எழுத்துருக்களின் கதை இன்னும் வேடிக்கையானது. ஆங்கில எழுத்துக்குரிய எண்ணின்மீது தமிழ் வடிவத்தைப் போர்த்தியிருந்தார்கள். திரையில் 'நாரை' என்று தெரியும். திரைவாசிப்பானோ பொருளற்ற ஆங்கில எழுத்துகளை உளறும். யூனிகோடில் தமிழுக்கெனத் தனி எண்கள் உண்டு. தமிழ்நாடு அரசும் 2010இல் அதை ஏற்றுக்கொண்டது.

படங்களுக்கு என்ன செய்வது? ஒவ்வொன்றுடனும் சொல் விளக்கம் ஒன்றை இணைக்கலாம். 'பறவைப் படம்' என்று எழுதினால் பயனில்லை. 'ஆழமற்ற நீரில் நிற்கும் மஞ்சள்மூக்கு நாரை. நீண்ட அலகு நுனியில் சற்றே கீழ்நோக்கி வளைந்துள்ளது. மார்பின் குறுக்கே கரும்பட்டை. வாலருகே இளஞ்சிவப்பு' என்று எழுதிப் பாருங்கள். எழுதும்போது அலகின் வளைவை இன்னொரு முறை உற்றுநோக்க வேண்டியிருக்கும். பறவையியலின் முதல் பயிற்சியும் அதுதானே! இதைக் கணிப்பொறி தெரிந்த அண்ணனிடம் விட்டுவிடாதீர்கள். உங்கள் வகுப்பே செய்யலாம்.

இயற்பியல் ஆசிரியன் ஆதலால் ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5 இருக்க வேண்டும் என்கிறது உலக இணைய வழிகாட்டி. வெண்மையின் ஒளிர்வு 1, கருமை 0. இரண்டுடனும் 0.05 கூட்டி வகுக்க வேண்டும், இந்த 0.05 திரையில் பட்டுத் திரும்பும் சுற்றுப்புற ஒளிக்காக. வெள்ளையில் கறுப்பு எழுத்தானால் 1.05/0.05 = 21. ஒளிர்வு 0.2 உள்ள சாம்பல் எழுத்தானால் 1.05/0.25 = 4.2, தேறவில்லை. இனி, நடுப்பகலில் குளக்கரையில் நின்று கைப்பேசியைத் திறக்கிறீர்கள். திரும்பும் ஒளி 0.5 ஆக உயர்ந்தது என்று கொள்வோம். கறுப்பு எழுத்துக்கே 1.5/0.5 = 3தான்! சாம்பலுக்கு 1.5/0.7, ஏறத்தாழ 2.1. பார்வை மங்கியவருக்காக வகுத்த விதி, வெயிலில் நிற்கும் உங்களுக்கும் உதவுகிறது.

வரைபடத்தில் பறவை மிகுந்த குளத்தைச் சிவப்பாலும் குறைந்ததைப் பச்சையாலும் மட்டும் காட்டாதீர்கள். நிறக்குருடு உள்ளவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றலாம். எண்ணிக்கையையும் அருகில் எழுதிவிடுங்கள்.

தன்னார்வக் குழுவுக்கு இதற்கெல்லாம் நேரமும் பணமும் எங்கே என்று கேட்பீர்கள். எழுத்தை எழுத்தாகவே இடுவதற்குச் செலவேதும் இல்லை. சுவரொட்டிப் படத்தைவிட அது விரைவாகவும் வந்து சேரும். எல்லாம் முடிந்தபின் பிரித்துத் திருத்துவதுதான் செலவு.

செம்மூக்கு ஆள்காட்டியையும் செண்பகத்தையும் குரலைக் கொண்டே அறியலாம். பார்வையற்ற மாணவர் அவற்றைக் கேட்டுச் சொல்ல, பக்கத்தில் நிற்பவர் குறித்துக்கொள்ளலாம். அதற்கு முதலில் அவர் கணக்கெடுப்பில் பெயர் பதிவு செய்ய வேண்டும். பதிவுப் படிவத்தை விசைப்பலகையால் மட்டுமே நிரப்ப முடிகிறதா? மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, டேப் விசையைத் தட்டித்தட்டி நீங்களே நிரப்பிப் பாருங்கள்.