எங்க ஊட்டுக் கூழும் அவங்க வீகன் தட்டும்

கல்லூரியில் என்னோடு படித்த நண்பர் ஒருவர். இப்போது பெரிய சம்பளம். அவர் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். கிழக்குக் கடற்கரைச் சாலையில், மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டிப் போனால் வருகிற ஓட்டல் ஒன்று. பெயர் வேண்டாம், இந்த மாதிரி இப்போது நிறைய முளைத்துவிட்டன. பட்டியலில் ஒரு பக்கம் முழுக்கப் பச்சை இலை போட்டு 'வீகன்' என்றிருந்தது. முதல் ஐட்டமே கேழ்வரகுக் கூழ். மண் குவளையில், தேங்காய்ப்பால் ஊற்றி, 280 ரூபாய்.

"பால் கலக்காதது சார், நெய் படாதது. வன்முறை இல்லாத உணவு" என்று பரிமாற வந்த பையன் விளக்கினான். பாவம், அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்க ஊட்டில் பால் என்பது யாராவது படுத்த படுக்கையாகிவிட்டால் வாங்குவது. அம்மா முப்பது வருசம் மரக்காணத்து அளத்தில் உப்பு வாரினவள். தை பிறந்தால் பாத்தி மிதிக்கக் கூப்பிடுவார்கள். சேற்றை வெறுங்காலால் மிதித்து மிதித்துத் தரை மாதிரி இறுக்க வேண்டும். அப்புறம் தண்ணி கட்டி, வெயில் அதைக் குடிக்கக் காத்திருந்து, விடியுமுன்னே போய் வார வேண்டும். வெயில் ஏறினால் வெள்ளை உப்பு கண்ணைக் குத்தும். கால் வெடிப்பில் உப்பு இறங்கினால் ராத்திரி தூக்கம் கிடையாது. கூடையைத் தலையில் தூக்கிக் கரையேற்றிக் கொட்டுவதும் அவர்கள்தான். ஐப்பசி கார்த்திகை மழையில் அளம் மூழ்கினால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. மழைக்கால நிவாரணம் என்று அரசாங்கம் 5,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியதே 2022இல்தான். அதற்கு முந்தைய மழையெல்லாம் என்னவாயிற்று என்று கேட்பாரில்லை.

அந்த அளத்துக்கு அவள் தூக்கில் கொண்டு போனது கூழ். ஒரு வெங்காயம், ஒரு பச்சை மிளகாய். கை கொடுத்த நாளில் சுட்ட கருவாடு. ஓட்டல்காரன் செய்திருப்பது இவ்வளவுதான்: கூழிலிருந்து கருவாட்டை எடுத்துவிட்டான், விலையை ஏற்றிவிட்டான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அவள் கேட்டாள்: "பாலு வேணாம், நெய்யி வேணாம், மீனு வேணாம்னா அதுக்கா இவ்ளோ துட்டு? நம்ம ஊட்டுல ஒண்ணுமில்லாத நாள்ல துன்னதாச்சேடா அது!"

நம் மொழியே இந்த விசயத்தில் நமக்கு எதிராகத்தான் நிற்கிறது. கறி தின்னாததற்குச் 'சைவம்' என்று பெயர். ஒரு மதத்தின் பெயரைத் தூக்கிச் சோற்றுக்கு வைத்தார்கள். நாம் தின்பது 'அசைவம்'. அதற்குச் சொந்தமாக ஒரு பெயர்கூடக் கிடையாது, சைவம் இல்லாதது என்பதுதான் அதன் அடையாளம். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் கறியோ மீனோ தின்கிற தமிழ்நாட்டில் மூன்று பேரின் சோறு அளவுகோலானது எப்படி? சிவனுக்கே கறி ஊட்டிய கண்ணப்பன் நாயன்மார் வரிசையில் இருக்கிறான். ஆனால் போர்டில் 'உயர்தர சைவ உணவகம்'. எதைவிட உயர்தரம்? யாரைவிட?

சாப்பிடும் இடத்தில் ஆளைப் பிரிப்பது இங்கே பழைய தொழில். 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கப் பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து ஜெயிலுக்குப் போனார்கள். அந்தச் சொல் போயிற்று, 'சுத்த சைவம்' வந்தது. 2018 டிசம்பரில் சென்னை ஐஐடி உணவுக்கூடத்தில் சைவத்துக்குத் தனி வாசல், தனிக் கை கழுவுமிடம். சத்தம் போட்ட பிறகு நோட்டீசைக் கிழித்தார்கள். 2022இல் ஆம்பூரில் அரசே நடத்த இருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு வந்ததும் மழையைக் காட்டி விழாவையே ஒத்திப்போட்டார்கள். 2024 மார்ச்சில் சொமேட்டோ கம்பெனி சுத்த சைவச் சாப்பாட்டைக் கொண்டுவர ஆட்களைத் தனியாகப் பிரித்துப் பச்சைச் சட்டை மாட்டியது. மறுநாளே சட்டையைக் கழற்ற வேண்டி வந்தது.

தீண்டாமையின் வேரைத் தேடிய அம்பேத்கர் 1948இல் எழுதிய நூலில் மாட்டுக்கறியிடம்தான் வந்து நின்றார். அவருக்குத் தெரிந்திருந்தது.

வீகன் கொள்கையோடு எனக்குச் சண்டையில்லை, சொல்லிவிடுகிறேன். 1944இல் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் சிலரும் அந்தச் சொல்லை உண்டாக்கியபோது, கறி மட்டுமல்ல, பாலும் முட்டையும்கூட உயிர்களை வாட்டி எடுப்பதுதான் என்றார்கள். அதில் நேர்மை இருக்கிறது. நெய்யைப் புனிதமென்று வழித்து நக்கிவிட்டு, செத்த மாட்டை மட்டும் சேரிக்காரனைக் கூப்பிட்டு இழுக்கச் சொல்கிற நம்மூர்ச் சைவத்தை அது அம்மணமாக்கியிருக்க வேண்டும். ஆனால் இங்கே வந்ததும் அதே பந்தியில் இலை போட்டு உட்கார்ந்துவிட்டது. 2022இல் வீகன் உணவுக்கு மத்திய அரசின் விதியும் முத்திரையும் வந்தாயிற்று. தேனீயின் உழைப்பைத் திருடாதே என்கிற அந்தத் தட்டில் விழுந்த உப்பு யாருடைய காலை அரித்தது என்பதற்கு எந்த முத்திரையில் இடம்?

நண்பர் நல்லவர். "நீங்களும் கொஞ்சம் கொஞ்சமா மாறலாமே, இதுல கொடுமையே இல்ல பாருங்க" என்றார். நாங்கள் வந்த சாலையைக் காட்டினேன். 2013 ஏப்ரல் 25 அன்று இந்தச் சாலையோரம் மரக்காணத்தில் தலித் குடிசைகளைக் கொளுத்தினார்கள், தெரியுமா என்றேன். தெரியாது என்றார். பருப்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டார்.

கை கழுவப் பின்பக்கம் போனேன். சமையல்கட்டுக்கு வெளியே, ஜெனரேட்டர் பக்கத்தில், கேட்டை ஒட்டி ஒரு அக்கா குந்திக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எங்கள் காலனிதான், பாத்திரம் கழுவுகிற வேலை.

"நீயா தம்பி! ஏன்க்கா இங்க குந்தியிருக்கன்னு பாக்கறியா? மீன் கொழம்பு கொணாந்தா உள்ள வெச்சித் துன்னக்கூடாதாம். வாடை வருதாம்."

கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம். அலைச் சத்தம் கேட்கிறது.

"நீ இன்னா துன்ன?"

"கூழு."

அக்காவுக்குப் புரையேறிவிட்டது. சிரித்து முடித்து, தூக்கு மூடியில் ஒரு துண்டு சங்கரா மீனை வைத்து நீட்டியது. நானும் பக்கத்தில் குந்தினேன். நண்பர் உள்ளே பில்லுக்குக் காத்திருந்தார்.