வாய்ச்சொல்லில் நிற்கும் வாடகை வீடு

விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் விருதுநகரில் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. வழக்கும் பத்திரமும் முத்திரைத்தாளும் அன்றாடப் பேச்சாயுள்ள ஊர் அது. ஒரு சென்ட் நிலம் கைமாறினாலும் நான்கெல்லை குறித்து, சாட்சி வைத்து, பதிவு செய்யாமல் விடமாட்டார்கள். ஆயினும் அதே ஊரில், ஆண்டாள் சந்நிதியைச் சுற்றியுள்ள ரத வீதிகளிலும் கடைத்தெருவிலும் ஒரு குடும்பம் வாடகைக்கு வீடு பிடிக்குங்கால், பெரும்பாலும் ஒரு துண்டுக் காகிதமும் எழுதப்படுவதில்லை. தென்மேற்கே சிறிது தூரத்திலுள்ள ராஜபாளையத்துக் கடைவீதியிலும் இதே வழக்கந்தான். வீட்டுக்காரர் ஒரு தொகை சொல்வார், தரகர் தலையாட்டுவார், குடிவருபவர் முன்பணத்தை எண்ணி வைப்பார், சாவி கைமாறும். இதனைப் பரஸ்பர நம்பிக்கையின் அடையாளமென்று பெருமை பேசுவோர் உண்டு. இன்றைய சட்டநிலையில் இது குடித்தனக்காரருக்குப் பெருங்கேடு விளைவிக்கும் வழக்கம் என்பதே நமது அபிப்பிராயம்.

வாடகையைச் சர்க்கார் கட்டுப்படுத்தும் ஏற்பாடு யுத்த காலத்தில் பிறந்தது. 1915-இல் கிளாஸ்கோ நகரத்துப் பெண்கள், மேரி பார்பர் அம்மையார் போன்றோரை முன்னிட்டுக்கொண்டு, உயர்த்திய வாடகையைக் கொடுக்க மறுத்துக் கிளர்ச்சி செய்தனர். அவ்வாண்டே பிரிட்டிஷ் பார்லிமெண்ட் வாடகை உயர்வைத் தடுத்துச் சட்டம் செய்தது. பம்பாயில் 1918-இலும் கல்கத்தாவில் 1920-இலும் சட்டங்கள் வந்தன. நமது மாகாணத்தில் 1946-இல் ஒரு சட்டமும், அதன்பின் 1949-இல் ஒரு சட்டமும் ஏற்பட்டன. அந்த 1949-ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னை முதன்மந்திரியாகப் பதவியேற்றவர் ராஜபாளையம் பூ. ச. குமாரசுவாமி ராஜா. தமது சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கென்று கொடுத்துவிட்டவர் அவர். வீடு வைத்திருப்போர் எல்லோரும் அவரைப்போல் ஆகவேண்டுமென்று நாம் கேட்கவில்லை. குடியிருக்க வந்தவனோடு ஒரு காகிதத்தில் கையெழுத்திடுங்கள் என்று மட்டுமே கேட்கிறோம்.

அச்சட்டங்களின் வழிவந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டம் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நடைமுறையிலிருந்தது. நியாய வாடகை எவ்வளவென்று தீர்மானிக்கும் அதிகாரி இருந்தார். இன்ன இன்ன காரணங்களுக்கன்றி ஒருவரை வெளியேற்ற இயலாது. எழுத்தில் ஒன்றுமில்லாவிடினும், வாடகை கொடுத்துக் குடியிருப்பவன் என்று காட்டிவிட்டால் அவனுக்குச் சட்டத்தின் நிழல் கிடைத்தது. வாய்ச்சொல் வழக்கம் நம் ஊர்களில் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம். அச்சட்டத்தால் வீட்டுக்காரருக்கு அநீதி நேர்ந்ததையும் மறைப்பதற்கில்லை. பாட்டனார் காலத்து வாடகையைப் பேரன் கொடுத்துக்கொண்டு, உள்வாடகைக்கும் விட்டுச் சம்பாதித்த கதைகள் அனந்தம். ஓட்டைப் பிரித்து மராமத்துச் செய்யவும் அவ்வாடகை காணாது. இதற்கஞ்சி வீட்டைப் பூட்டியே வைத்தவர்களும் உண்டு.

ஆகவே பழைய சட்டம் போயிற்று. 2017-இல் இயற்றப்பட்ட புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. இருவரும் ஒப்பிய தொகையே வாடகை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். அதனை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திக் குடித்தனக்காரரை விரட்டக்கூடாது. பழைய கட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டு அதற்கு ஈடாக எழுத்தின் பாதுகாப்பைக் கொடுத்த பண்டமாற்று என்று இதனைச் சொல்லலாம். பழையதைக் கொடுத்தாகிவிட்டது, புதியது நம் தெருக்களில் பலருடைய கைக்கு வந்து சேரவில்லை.

இதன் விளைவைச் சற்று ஊன்றிக் கவனிக்கவேண்டும். முன்னர் வாய்மொழியாக நடந்துவந்த குடித்தனத்தை எழுத்தாக்கிக்கொள்ள வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் தவறுவார்களாயின், அந்தத் தவறே குடித்தனக்காரரை வெளியேற்றுவதற்கு ஒரு காரணமென்று சட்டத்தின் 21-ஆம் பிரிவு கூறுகிறது. தவறு இருவருடையது, வீட்டை இழப்பவர் ஒருவரே! இருபது ஆண்டுகள் மாதந்தவறாமல் வாடகை கொடுத்த மில் தொழிலாளியும், கடைச் சிப்பந்தியும், வக்கீல் குமாஸ்தாவும் ஒரு காகிதம் இல்லாமையால் வழக்கில் தோற்க நேரிடும். தேரோடும் வீதியிலும் கடைத்தெருவிலும் உள்ள பழைய ஓட்டு வீட்டின் மனை, குடித்தனத்துக்கு விடுவதைவிடக் கடைக்கட்டடம் எழுப்பினால் பன்மடங்கு லாபம் தரும். இந்நிலையில் சட்டத்தின் இந்தச் சந்து எதற்குப் பயன்படும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. வேலைக்கு நடந்து போகக்கூடிய வீட்டை விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே போய்ப் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவனைக் கேட்டால் தெரியும், அந்தக் காகிதத்தின் விலை.

முன்பண விஷயமும் அப்படியே. பழைய சட்டம் ஒரு மாத வாடகைக்குமேல் முன்பணம் கூடாதென்றது, யார் கேட்டார்கள்? புதிய சட்டம் மூன்று மாதம் என்கிறது. ஆனால் ‘வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து’ என்று ஒரு வாலையும் சேர்த்திருக்கிறது. வீடு வேண்டி நிற்பவன் எந்த ஒப்பந்தத்துக்குத்தான் சம்மதிக்கமாட்டான்? இச்சொற்களைச் சட்டசபை நீக்கவேண்டும்.

இனி, எழுத்தினாலும் தீராத ஒரு வியாதியைப் பற்றிச் சொல்லாமல் விடுவது கோழைத்தனமாகும். தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றையும்போல் இவ்விரண்டு ஊர்களிலும் வீடு தேடுபவன் சந்திக்கும் முதற் கேள்வி, சம்பளம் என்ன என்பதன்று. ‘நீங்கள் என்ன ஆட்கள்?’ என்பதாகும். நேராகக் கேட்கக் கூசுபவர் சொந்த ஊர் எது, எந்தத் தெரு, சாப்பாடு சைவமா என்று சுற்றி வளைப்பார். விடை திருப்தியளிக்காவிடில், வீடு நேற்றே பேசி முடிந்துவிட்டதாகச் சொல்வார். கடைத்தெருவில் கீழே கடையும் மேலே குடித்தனமுமாக உள்ள ஒரு கட்டடத்தை எண்ணிப் பாருங்கள். கீழ்க்கடையில் சாதியின் பெயரால் எவரையும் உள்ளே விடாமல் தடுக்கக்கூடாதென்று அரசியல் சாசனத்தின் 15-ஆம் விதி கட்டளையிடுகிறது. கடை, ஹோட்டல், கிணறு, குளம், சாலை எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் காப்பாற்றிய அவ்விதியில், வாடகை வீடு என்ற சொல் இல்லை. ஆகவே கீழே அரிசி வாங்கலாம். மாடியேறி அதைச் சமைக்க இடம் கிடைக்காது! 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் வீட்டுக்குள் வந்துவிட்டவனைப் பற்றிப் பேசுகிறதேயன்றி, வாசற்படியில் திருப்பியனுப்பப்பட்டவனைப் பற்றிப் பேசவில்லை.

லண்டனில் வீடு தேடிப் போன நம்மவர்கள், நிறம் காரணமாகக் கதவு சாத்தப்பட்டு நின்றதைக் கேட்டு நாம் கொதித்தோம். அந்த பிரிட்டன் 1968-இல் வீட்டு வாடகையில் நிற வேற்றுமை காட்டலாகாதென்று சட்டம் செய்தது. அமெரிக்காவும் அவ்வாண்டே செய்தது. சட்டத்தால் உள்ளம் மாறிவிடாது என்பார்கள், மாறாவிட்டால் போகட்டும். மறுக்கப்பட்டவனுக்கு முறையிட ஓர் இடம் கிடைக்குமல்லவா? தமிழ்நாட்டுச் சட்டத்தில் அத்தகைய விதியொன்றைச் சேர்க்கும்படி இவ்விரண்டு தொகுதி வாக்காளர்களும் தங்கள் பிரதிநிதிகளைக் கேட்கவேண்டும்.

கோயிலுக்குச் சொந்தமான மனைகளில் குடியிருப்போர் விஷயம் வேறு. அதனை 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம் ஆளுகிறது. அதைத் தனியே எழுதுவதே முறை.

சட்டசபை அசையும்வரை கைகட்டியிருக்க வேண்டியதில்லை. வாடகை அதிகாரி தமது அலுவலகத்தில் அமர்ந்து, பதிவுக்கு ஜனங்கள் வரவில்லையென்று சொல்வதைவிட, வாரத்துக்கு ஒரு நாள் இரண்டு ஊர் நகராட்சிக் கட்டடங்களிலும் ஒரு மேஜை போட்டு அமரட்டும். இணையத்தில் பதிவு செய்யலாம் என்பது படித்தவருக்குச் சரி. மற்றவர் யாரிடம் போவார்? மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்திலேயே இருக்கிறது. ஒப்பந்தம் எழுதிக்கொடுக்க ஏழைகளிடம் ஒரு காசும் வாங்காத இளம் வக்கீல்களை அது தெருத்தெருவாக அனுப்பலாம். நமது அரசியல் நண்பர்களுக்கும் வேலை இருக்கிறது. மேடையில் ஒரு மணி நேரம் முழங்குவதற்குப் பதிலாக, ஆளுக்கொரு தெருவை எடுத்துக்கொண்டு, வீட்டுக்காரரையும் குடித்தனக்காரரையும் ஒரு திண்ணையில் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கட்டும். இதில் வீட்டுக்காரருக்கும் நஷ்டமில்லை. வாடகை எத்தனை, எப்போது உயரும், எத்தனை ஆண்டு என்பது அவருக்கும் உறுதியாகிறது.

எளிய தமிழில் ஒப்பந்த மாதிரி ஒன்றை வரும் ஞாயிற்றுக்கிழமை இதே பக்கத்தில் வெளியிடுவோம். வாடகைத் தொகை, முன்பணம், காலம், மராமத்துப் பொறுப்பு ஆகிய நான்கு இடங்களையும் காலியாக விட்டிருப்போம். வெட்டியெடுத்து, பேசி முடிவு செய்து, அவ்விடங்களை நிரப்பிக்கொண்டால் பதிவுக்குச் செல்லத் தயாராகிவிடலாம்.