செஷ்வான் தெரியும், சிச்சுவான் தெரியுமா?

மயிலாப்பூரில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நடந்தால் ஒரு ஃபாஸ்ட் ஃபுட் பலகையாவது கண்ணில் படும். செஷ்வான் ஃப்ரைடு ரைஸ், செஷ்வான் நூடுல்ஸ், அதுவும் போதாதென்று செஷ்வான் தோசை. இதையெல்லாம் கண்ணில் நீர் வராமல் சாப்பிட்டு முடிக்கிறவருக்கு ஒரு தைரியம் வந்துவிடுகிறது. ஆவக்காயில் வளர்ந்த நாக்கு, சீனாவுக்கே போனாலும் காரத்தில் தோற்காது!

2020இல் நின்றுபோன இந்தியா-சீனா நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில் மறுபடி பறக்கத் தொடங்கின. வேலைக்கோ, படிப்புக்கோ, ஊர் சுற்றவோ சிச்சுவான் மாகாணத்தின் தலைநகரான செங்டுவுக்குப் போகிறவர்கள் இனி இருப்பார்கள். மேலே சொன்ன தைரியத்தோடு அங்கே ஓர் உணவகத்தில் போய் உட்காரலாமா? கூடாது. காரம் என்பது பந்தயம் அல்ல.

முதலில், சென்னையின் செஷ்வானுக்கும் அந்த ஊருக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். மிளகாய், பூண்டு, இஞ்சி, வினிகர் சேர்த்துச் செய்யும் அந்தச் சிவப்பு சாஸ் இந்தியாவில் பிறந்தது. கோபி மஞ்சூரியனும் அப்படியே. அதற்கு மூலமான சிக்கன் மஞ்சூரியனை 1975இல் மும்பையில் நெல்சன் வாங் என்ற சமையல்காரர் முதலில் செய்ததாகச் சொல்வார்கள். இதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் இதைச் சாப்பிட்டுவிட்டு சிச்சுவான் சமையலைத் தெரிந்துகொண்டதாக நினைப்பதுதான் தப்பு.

சிச்சுவான் சமையலின் அடையாளம் 'மா லா'. 'லா' என்றால் எரிச்சல், அது பழகினதுதான். 'மா' என்றால் மரத்துப்போதல். ஹுவாஜியாவ் என்ற சிறு காயின் தோல் அந்த வேலையைச் செய்கிறது. இது மிளகு இனமே இல்லை, எலுமிச்சைக் குடும்பம். மிளகாய் சூட்டை உணரும் நரம்பைத் தூண்டுகிறது, இதுவோ தொடுதலை உணரும் நரம்பைத் தூண்டுகிறது. 2013இல் லண்டன் ஆய்வாளர்கள் சிலர் இதை உதட்டில் தடவிப் பார்த்தார்கள். வரும் துடிப்பு நொடிக்குச் சுமார் 50 அதிர்வுகளுக்குச் சமம் என்று கண்டார்கள். எத்தனை மிளகாய் பஜ்ஜி தின்று பழகியிருந்தாலும் இந்தத் துடிப்புக்கு அந்தப் பயிற்சி உதவாது.

சரி, பயந்துபோய் "காரமே வேண்டாம்" என்று சொல்லிவிடலாமா? அதுவும் சரியில்லை. மயிலாப்பூர் மெஸ் ஒன்றில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் இலை முன் உட்காருவதை நினைத்துப் பாருங்கள். பரிமாறுகிறவர் "ஸ்பைசி சார்" என்று எச்சரித்து, வத்தக்குழம்பைத் தாண்டித் தயிரைக் கொண்டுவந்து வைப்பார். அன்புதான். ஆனால் அவர் வந்தது வத்தக்குழம்புக்கு! செங்டுவில் அதே அன்பு மயிலாப்பூர்க்காரருக்குக் காத்திருக்கிறது. அங்கே அவர்தான் வெளிநாட்டுக்காரர். 'வெய் லா' (கொஞ்சம் காரம்) என்று கேட்டால் போதும், ருசியும் கிடைக்கும், வயிறும் பிழைக்கும். சிச்சுவான் பட்டியலில் காரமே இல்லாத பதார்த்தங்களும் நிறைய உண்டு என்பதையும் மறக்கக் கூடாது.

சைவக்காரருக்கு இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. 1862இலிருந்து செங்டுவில் பேர்பெற்ற மாப்போ டோஃபுவில் டோஃபுவோடு கொத்துக்கறியும் உண்டு. கொதிக்கும் குழம்பில் காய்களை முக்கிச் சாப்பிடும் 'ஹாட் பாட்'டின் சிவப்புக் குழம்புக்கு மாட்டுக் கொழுப்புதான் வழக்கமான அடிப்படை. காரமில்லாத வெள்ளைக் குழம்பு பெரும்பாலும் எலும்பு வேகவைத்த நீர். யார் அதிகம் மிளகாய் தின்பது என்ற வீம்பில் இருப்பவருக்கு இதைக் கேட்கத் தோன்றுமா? காரத்தில் ஜெயித்துவிட்டு விரதத்தில் தோற்றுப்போவார்.

வழி இருக்கிறது. செங்டுவின் வென்ஷு புத்த மடத்தில் சைவ உணவகம் உண்டு. 'சூ' என்றால் சைவம். அதன் சீன எழுத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு காட்டினால் உச்சரிப்புப் பிரச்சினையும் இல்லை. சீன பௌத்தச் சைவத்தில் வெங்காயமும் பூண்டும்கூட விலக்கு. மடி சமையலில் வளர்ந்தவருக்கு இது சொந்த வீடு மாதிரி. விலக்குப் பட்டியலில் பெருங்காயமும் உண்டு என்பதுதான் கொஞ்சம் இடிக்கும்!

காரத்தில் பெருமை கொண்டாட இரண்டு பக்கமும் பாத்தியதை இல்லை என்பது இன்னொரு விஷயம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்த போர்த்துக்கீசியர்கள் 1520களிலேயே மயிலாப்பூரின் சாந்தோமில் குடியேறியவர்கள். சீன நூலில் மிளகாய் முதலில் வருவது 1591இல். புதிதாக வந்த காய்க்கு இரண்டு மொழியும் பழைய பெயரையே ஒட்டவைத்தன. தமிழில் மிளகிலிருந்து மிளகாய். சீனத்தில் ஹுவாஜியாவிலிருந்து லாஜியாவ். மிளகுக்கு அங்கே ஹுஜியாவ் என்று பெயர், அதாவது அந்நியர் நாட்டு ஜியாவ். மயிலாப்பூர் வீடுகளில் திதிச் சமையலில் இன்றும் மிளகாய் கிடையாது, மிளகுதான். வந்து ஐந்நூறு வருஷம் ஆகியும் முன்னோர் இலையில் அதற்கு இடம் இல்லை.

ஆக, செங்டு போகிறவர் பசியோடு போகட்டும், பந்தயத்துக்குப் போக வேண்டாம். பக்கத்து மேஜைக்காரர் எப்படிச் சாப்பிடுகிறார் என்று பார்க்கட்டும். சோறு ஒரு கிண்ணம் கூடவே இருக்கட்டும், எரிச்சலுக்குத் தண்ணீர் உதவாது. ஊர் திரும்பியபின் செஷ்வான் தோசையைத் தாராளமாகச் சாப்பிடலாம், அது இந்த ஊர்ச் சமாசாரம் என்று தெரிந்துகொண்டு :-)