ரெண்டு மீட்டர் பழைய கட்டையும் பங்குனி மாசத்துப் பனியும்

டெல்லி, குர்காவ், சண்டிகர் பக்கம் குப்பை கொட்டிக்கிட்டு இருக்கிற நம்ம ஜனங்க கிட்ட ஒரு விஷயத்தைக் கொஞ்சம் சத்தமாவே சொல்லணும்னு ரொம்ப நாளா நினைப்பு. பனியைப் பார்க்கிறோம்னு மணாலிக்குப் போறீங்களே, அங்க நீங்க பண்றது பனி விளையாட்டே இல்லை. யாரோ நூறு பேர் போட்டுக் கழட்டின ஓவர்கோட்டையும் ரப்பர் பூட்ஸையும் வாடகைக்கு மாட்டிக்கிட்டு, ஸ்னோ ஸ்கூட்டர்ல புகைக்கு நடுவுல ஒரு ரவுண்டு, டயர் ட்யூப்ல ஒரு சறுக்கு, ஒரு மேகி, நாற்பது போட்டோ. அவ்ளோதான். "ஸ்கீயிங்கும் பண்ணோம்"னு சொல்றவங்க பண்றது என்னன்னா, குட்டையா ஒரு ஸ்கீயில காலைப் பூட்டிட்டு, ஒருத்தர் தள்ள, இன்னொருத்தர் பிடிக்க, பத்து நிமிஷம் நிக்கிறது.

இதுக்கு ஏன் இவ்ளோ கோபம்னு கேட்கலாம். இருக்கு சார். அதே மலையில, அதே மாசத்துல, கால் காசு டிக்கெட் இல்லாம, காலை முழுக்க மிதக்கிற மாதிரி போற சுகம் ஒண்ணு இருக்கு. அதை "பழசு, உதவாது"ன்னு ஒதுக்கி வெச்சிருக்காங்க. நீளமான பழைய டெலிமார்க் ஸ்கீ, நார்டிக் டூரிங் ஸ்கீ, இதைத்தான் சொல்றேன்.

என் கிட்ட இருக்கிற ஜோடி 205 சென்டிமீட்டர். என்னை விட ஒண்ணரைச் சாண் உசரம். நடுவுல மூணு விரற்கடை அகலம். ஓரத்துல மெல்லிசா இரும்பு விளிம்பு. ஊருக்குக் கிளம்பின ஒரு வெள்ளைக்காரர் கிட்ட பழைய மணாலியில வாங்கினது, தோல் பூட்ஸோட சேர்த்து. அதைத் தூக்கிட்டு ஒரு வாடகைக் கடையில நின்னப்போ கடைக்காரப் பையன் சிரிச்சான் பாருங்க! "பாயி சாப், இதை மியூசியத்துல குடுங்க." தங்கமணியும் அன்னைக்கு அவன் கட்சிதான் :-)

இந்த ஸ்கீயில பூட்ஸோட முன்நுனி மட்டும்தான் மாட்டும். மூணு ஊசி, மேல ஒரு கவ்வி. குதிகால் தன்னிஷ்டத்துக்கு மேல எழும். அதனால சமதளத்துல நடக்கலாம், சறுக்கலாம், மேடும் ஏறலாம். நார்வேக்காரர் பிரோர் வித் 1927-ல கொண்டுவந்த கவ்வியோட வம்சம் இது. அதுக்கு அவங்க வெச்ச பேர் "எலிப்பொறி". பார்க்கவும் அப்படித்தான் இருக்கும்.

இனி நீளத்துக்கு வருவோம். தரையில வெச்சா வில்லு மாதிரி நடுவுல தூக்கி நிக்கும். ரெண்டு கால்லயும் சமமா நின்னு சறுக்கும்போது அந்த நடுப்பகுதி பனியை லேசாத்தான் தொடும். ஒரு காலை ஊன்றி உந்தினா அது அமுங்கிப் பனியைப் பிடிக்கும். என்னுடையதுல அந்த இடத்துல மீன் செதில் மாதிரி வெட்டு இருக்கு, பின்னாடி வழுக்காது. ஸ்கீ நீளமா இருந்தா உடம்பு பாரம் பரவும், நேர்கோட்டுல ஓடும், ஒரு உந்தலுக்கு அஞ்சாறு அடி போகும். குட்டை ஸ்கீயை லிஃப்ட்ல ஏத்தி மேல கொண்டுபோனாத்தான் அதுக்கு வாழ்வு.

பங்குனி, சித்திரைப் பனி இருக்கே, அது வெல்லப்பாகு மாதிரி, பதம் பார்த்துத்தான் இறங்கணும். ராத்திரி உறைஞ்சது காலை ஏழு மணிக்குக் கண்ணாடி. அப்போ இரும்பு விளிம்பும் வழுக்கும், வீம்பு பண்ணாம தெர்மாஸ் டீயைக் குடிச்சுட்டு உட்காருங்க. ஒன்பது, ஒன்பதரைக்கு வெயில் பட்டதும் மேல ஒரு விரற்கடை மட்டும் இளகி, கல்லுப்பு மாதிரி மணிமணியா ஆகும். அடியில கெட்டி. இதுதான் பதம்! பெரிய முயற்சியே வேண்டாம். ஒரு முட்டியை மடக்கி, மத்த காலை முன்னால விட்டு, மண்டி போடுற மாதிரி சாய்ஞ்சா அந்த நீளக் கட்டை அகலமா ஒரு வட்டம் போட்டுத் திரும்பும். "சர்ர்ர்"னு உப்பு சிந்துற சத்தம் மட்டும் கேட்கும். பதினொண்ணு தாண்டிட்டா கூழ். அப்பவும் நீளக் கட்டை ஓரளவு மேலயே நிக்கும்.

புது ஸ்கீ விற்கிறவங்க சொல்றது வேற. "அகலமா வாங்கு, புதுப்பனியில மிதக்கலாம்." ஐயா, புதுப்பனி எங்க? 2024 ஜனவரியில குல்மார்க் பழுப்பு நிறப் புல்வெளியா கிடந்தது. 2025 பிப்ரவரியில அங்க நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டியையே பனி இல்லைன்னு தள்ளிவெச்சு, மார்ச்லதான் நடத்துனாங்க. பனி பிந்தி வருது, வந்ததும் வெயில்ல உருகி உறையுது. நம்ம மலையில இனிமே நம்பிக் கிளம்பக்கூடியது இந்த வசந்தகாலப் பனியைத்தான்னு எனக்குத் தோணுது. விளம்பரத்துல வர்ற இடுப்பளவுத் தூள்பனிக்கு ஒரு சம்பளத்தைக் கொட்டி ஸ்கீ வாங்கி இந்தக் கல்லுப்புல ஓட்டுறது, வயல்ல ஓட்டுற டிராக்டரை வாங்கி ஹைவேயில ஓட்டுற மாதிரி. நெருக்கமான தேவதாரு மரங்களுக்குள்ள நீளக் கட்டை திரும்பாது, ஒப்புக்கிறேன். ஆழமான தூள்பனியிலயும் அகல ஸ்கீதான் ராஜா. அந்த நாள் வருஷத்துல எத்தனை?

புதுமைன்னு எதைச் சொல்றாங்கன்னு பார்த்தா அதுவும் வேடிக்கை. நடு ஒடுங்கின வடிவம்னு தொண்ணூறுகள்ல தலையில வெச்சு ஆடினாங்களே, டெலிமார்க் மாவட்டத்து மோர்கெடால் ஊர்க்காரர் சோந்த்ரே நோர்ஹைம் பத்தொன்பதாம் நூற்றாண்டுலயே இடுப்பு ஒடுங்கின மர ஸ்கீயில வளைஞ்சு வளைஞ்சு இறங்கினவர். சொந்த நிலம் இல்லாத குடியானவர் வீட்டுப் பிள்ளை. 1868-ல தலைநகர் கிறிஸ்டியானியாவுக்குப் போய், நாற்பது தாண்டின வயசுல இளவட்டங்களைத் தோற்கடிச்சார். 1884-ல பிழைப்புக்காக அமெரிக்கா போய், 1897-ல வடக்கு டகோடாவுல இறந்துபோனார். அவரும் நம்மள மாதிரி ஊரை விட்டு வந்த கேஸ்தான்.

"அதெல்லாம் குளிர்ல பொறந்தவங்களுக்கு, தயிர்சாதக் கோஷ்டிக்கு எதுக்கு"ன்னு மாமா ஒருத்தர் கேட்டார். கர்நாடகத்துக் குடகுல இருந்து வந்த பவானி, நெடுந்தூர ஸ்கீ ஓட்டத்துல கேலோ இந்தியா பதக்கம் வாங்கியிருக்காங்க மாமா. குடகு என்ன ஆர்க்டிக்கா?

ஆபத்து இல்லையான்னா, இருக்கு. சோலாங் தாண்டி தூந்தியில இருந்து பகர்தாச் பக்கம் போற பள்ளத்தாக்கு இந்த ஸ்கீக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி. ஆனா ரெண்டு பக்கமும் சரிவு, வெயில் ஏறினா பனி சரியும். சண்டிகர்ல இருக்கிற டி.ஜி.ஆர்.இ. பனிச்சரிவு எச்சரிக்கை குடுக்குது, அதைப் பார்க்காம கிளம்பாதீங்க. புதுசா பனி கொட்டின மறுநாள் வேண்டவே வேண்டாம். உள்ளூர் ஆள் ஒருத்தர் கூட வரணும். பதினொண்ணுக்குள்ள சரிவை விட்டு விலகி தார் ரோட்டுல நிக்கணும். குழந்தைங்களுக்கு முதல்ல சோலாங் அடிவாரச் சமதளமே போதும். என் பொண்ணு அங்கதான் பழகினா, மூணாம் நாளே என்னைத் தாண்டிட்டா.

பழைய ஜோடி தேடுறவங்க ரெண்டு விஷயம் பாருங்க. அடிப்பக்கத்தை ஒண்ணோட ஒண்ணு சேர்த்து வெச்சா நடுவுல இடைவெளி தெரியணும், தெரியலைன்னா வில்லு செத்துப்போச்சு. கவ்வி திருகு ஆடினா விட்டுடுங்க. அடியில மெழுகுவத்தியை முன்னும் பின்னும் தேய்ச்சுக்கோங்க, செதில் இருக்கிற இடத்துல வேண்டாம். கார் மேல கேரியர்ல கட்டும்போது நுனியில சிவப்புத் துணி கட்டுங்க. கட்டியும், டோல்கேட்ல "ஏணியா சாப்?"னுதான் கேட்கிறாங்க.